வகுப்பறைக்குள் போன எல்லைக்கோடு

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு வரும் மூன்றாவது ஐப்பசி இது. மழை பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் உங்களுக்கு எழுதாததற்குக் காரணம் கோபம்தான். செத்தவன் மேல் என்னடி கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பூட்டியது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் வேன் ஏறிக் காரைக்காலுக்குப் போக, கடைசியில் நாலு பேர்தான் மிச்சம். அவர்களையும் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். உங்கள் அப்பா கொடுத்த இடமாயிற்றே, அன்றைக்கு முழுக்க நீங்கள் சாப்பிடவில்லை. இப்போது அது பூட்டிக் கிடக்கவில்லை அப்பா. பெண்கள் சேர்ந்து கொம்யூன் பஞ்சாயத்தில் கேட்டு வாங்கிக் கைவினைக் கூடமாக்கியிருக்கிறோம். நாலு தையல் மிஷின், வயர் கூடை, ஓலைப்பெட்டி. மூன்றாம் வகுப்பில் நான் முட்டி போட்ட இடத்தில் மல்லிகா அக்கா உட்கார்ந்து பிளவுஸ் தைக்கிறாள். நான் வாக்கப்பட்ட தலத்தெருவிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

இனிக் கோபத்துக்கு வருகிறேன். தாத்தா அந்த இடத்தை வெற்றிலைத் தட்டை நீட்டி வாயால் சொல்லிக் கொடுத்தார். காலால் நடந்தே அளந்தார்களாம். கட்டி முடித்த பிறகு பார்த்தால் பள்ளிக்கூடத்தின் பேரில் பதிவானது மேற்குப் பாதி மட்டும்தான், கூடத்தின் கிழக்குப் பாதி நம் பட்டாவுக்குள் நிற்கிறது. எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று உங்களிடம் எத்தனை பேர் சொன்னார்கள்? "நம்ம புள்ளைங்கதானே படிக்குது, யாரு கேக்கப் போறா?" என்று சிரித்தே காலத்தை ஓட்டினீர்கள்.

கேட்டது உங்கள் மகன்தான். உங்கள் கருமாதி முடிந்த வாரமே அண்ணன் சர்வேயரைக் கூட்டி வந்தான். "பள்ளிக்கூடமே இல்லன்னு ஆயிடுச்சு. நம்ம எடம் நமக்கு. மனை போட்டா நாளைக்குப் புள்ளைங்களுக்கு ஆவும்ல" என்றான். "தாத்தா குடுத்தத திருப்பி வாங்க நீ யாருண்ணே?" என்று ஊரே கேட்கக் கத்தினேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவன்தான், பேச்சு நின்றது. இரண்டு பொங்கலுக்குச் சீர் வரவில்லை. கரும்பு கடையில் கிடைக்காதா என்ன? அண்ணன் வந்து வாசலில் சாத்திவிட்டுப் போகிற கரும்பு எந்தக் கடையில் கிடைக்கும்?

சர்வேயர் கூடத்தின் நடுவே தரையில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டுவிட்டுப் போனார். பிறகு நாங்கள் கூடத்தைக் கேட்டபோது, தகராறு தீரும்வரை மேற்குப் பாதியில் இருந்துகொள்ளுங்கள் என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள். நாங்களும் இருந்தோம். இருபது பேர் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு. நூல்கண்டு கோட்டைத் தாண்டி உருண்டால் யாரும் போய் எடுக்க மாட்டோம், துடைப்பத்தால் இழுத்துக்கொள்வோம். மரியாதை பாதி, வீம்பு பாதி. யாருக்கு வீம்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆவணியில் ஒருநாள் அண்ணி தையல் பழக வந்தாள். உட்கார இடமில்லை. நேரே கோட்டைத் தாண்டிப்போய்ப் பாயை விரித்தாள். "எம் புருஷன் எடந்தானே? நான் ஒக்காந்துக்குறேன், ஒங்களுக்கு என்ன?" எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றிலிருந்து கிழக்குப் பாதியில் அவள் மட்டும் மகாராணி மாதிரி. சாயங்காலம் அண்ணன் அழைத்துப் போக வருவான். ரோட்டிலேயே பைக்கை நிறுத்திக்கொண்டு, இறங்கவே மாட்டான். ஜன்னல் வழியாக நான் அவனைப் பார்ப்பேன். அவன் வாய்க்காலைப் பார்ப்பான்.

எனக்கு மனசு விட்டுப்போயிற்று அப்பா. "பாதி போனாப் போவட்டும், எனக்கு எங்கண்ணன் வேணும்" என்று ஒருநாள் மல்லிகா அக்காவிடம் சொன்னேன். "பாதிய இடிச்சா மீதி நிக்குமாடி? நாங்க எங்க போறது?" என்றாள்.

போன வாரம் பெய்த மழையில் மேற்குப் பக்க ஓடு ஒழுகியது. துணி நனைகிறது, மிஷின் நனைகிறது. "இங்க வாங்களேன்டி" என்று அண்ணி அந்தப் பக்கமிருந்து கத்துகிறாள். எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். நான் அசையவில்லை, குடையை விரித்து மிஷினுக்குப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அண்ணன் வாசலில் வந்து நின்றதை அப்போதுதான் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். ஓட்டைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்.

"என்ன பொம்பளைங்க நீங்க? அந்தப் பக்கம் காஞ்சிதானே கெடக்கு, இங்க நின்னு நனையுறீங்க?" என்று எல்லாருக்கும் பொதுவாகத் திட்டினான். பிறகு மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னான்: "செல்வி, அந்த முனையப் புடி."

இரண்டு வருஷத்துக்கு அப்புறம் என் பெயர் அவன் வாயில் வந்தது. பிடித்தேன். இருவருமாகத் தூக்கிக் கோட்டைத் தாண்டினோம். என் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. "அழுவு, வேணாங்கல. மிஷினக் கீழ போட்டுடாத" என்றான்.

"மனசு மாறதுக்குள்ள எழுதி வாங்கிடு" என்று மறுநாளே எல்லாரும் சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொடு, கொடு என்று அவனிடமே கத்தினேனே, அந்தக் கிழக்குப் பாதியில் பாதி உங்கள் மகள் பங்கு இல்லையா? நான் கொடுப்பதாக ஒருதரம் சொன்னேனா?

நேற்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். "என் பங்க நான் கூடத்துக்கு எழுதிக் குடுக்குறேன்ண்ணே. ஒனக்கு எப்பத் தோணுதோ அப்பக் கையெழுத்துப் போடு. தோணலன்னாலும் நான் ஒந் தங்கச்சிதான்" என்றேன். அண்ணன் உள்ளே பார்த்து, "தங்கச்சிக்கு எலயப் போடு" என்றான். அண்ணி மீன்குழம்பு ஊற்றினாள். அதைத் தாண்டி நான் எதுவும் கேட்கவில்லை.

அப்பா, ஒரு வாக்குத் தருகிறேன். அண்ணனை அவசரப்படுத்த மாட்டேன். உங்களைப் போல வாய்ப்பேச்சோடும் விட மாட்டேன். அந்தப் பத்திரத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. அதற்குக் கீழே ஒரு கையெழுத்துக்கு இடம் விட்டுக் காத்திருப்பேன், எத்தனை ஐப்பசி ஆனாலும்.

உங்கள் மகள்,
அண்ணனின் தங்கச்சி,
தமிழ்ச்செல்வி