அறுபத்துநாலு பேருக்கும் ஒரே பதில்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். போனில் கூப்பிட்டால் நீ பாதி நேரம் அழுகிறாய், மீதி நேரம் சிக்னல் கிடைப்பதில்லை. கடிதத்தில்தான் ஒழுங்காகத் திட்டுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

சட்டை வாங்கும் கம்பெனிகளுக்காக எங்கள் அலுவலகம் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளைச் சோதனை போடுகிறது என்று சொன்னேன் அல்லவா? சோதனைக்காரருக்கு நம் மொழி தெரியாது. ஒரு கருவிதான் கேள்வி கேட்டு, தொழிலாளர்கள் சொல்லும் பதிலை எழுத்தாக்கி அனுப்பும். அதில் கேள்விகளுக்குக் குரல் கொடுத்தவன் நான். வரும் பதில்களை மொழிபெயர்ப்பவனும் நான். போன வாரம் என் மேஜைக்கு வந்தது நீ தைக்கும் தொழிற்சாலையின் கோப்பு! ஓய்வறையாம், மெத்தை சோபாவாம், மூன்று மின்விசிறியாம். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கோப்பிலிருந்த படத்தில் ஒரு பெண் முள்மேல் இருப்பதுபோல அந்தச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். அது நீதானே?

பதில்கள்தான் தாறுமாறாக இருந்தன. "உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?" என்றால் ஒருத்தி, "எட்டு மணி நேரம், நடுவுல சாப்பாட்டு இடைவேளை உண்டு" என்கிறாள். "வயது என்ன?" என்றால், "ரெண்டு. ரெண்டும் எப்பவும் திறந்தே இருக்கும்." இன்னொருத்தி கருவியைப் பார்த்து, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டிருக்கிறாள். கருவிக்குக் கோளாறு என்று புரிந்துகொண்டு, ஒவ்வொரு பதிலையும் அதற்குப் பொருத்தமான கேள்விக்கு நேராக எடுத்துவைத்தேன். "சாப்பிட்டியாடா"வை அடித்துவிட்டேன். அதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

உன் செல்லத் தம்பி

பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் அங்கே இருந்திருந்தால் உன் முதுகில் தட்டியிருக்க மாட்டேன். மண்டையில் தட்டியிருப்பேன்.

கருவிக்கு ஒரு கோளாறும் இல்லையடா. மேலாளர் பத்து நாள் எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பதில்களை மனப்பாடம் பண்ணவைத்தார். முதல் பதில் எட்டு மணி நேரம், இரண்டாவது இரண்டு கதவு, இப்படி வரிசையாக. உன் கருவி கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்டது. நாங்கள் பதில்களை வரிசை மாறாமல் சொன்னோம். எட்டு மணி நேரம் பிள்ளை பெற்றவள் என் பக்கத்து மிஷின்காரி, நாங்கள் வைத்த பெயர் குண்டூசி. ஆள் ஒல்லி, வாய் மட்டும் குத்தும். சோபா மேலாளர் வீட்டுச் சோபா. காலையில் லாரியில் வந்தது, சாயங்காலம் லாரியில் போனது. "உக்காரு, ஆனா சாயாத, கறை பட்டா வீட்டுல என்னைக் கொன்னுடுவாங்க" என்று சொல்லித்தான் என்னை அதில் உட்காரவைத்தார். பிறகு என் முகம் எப்படி இருக்கும்?

அந்த "இரண்டும் திறந்தே இருக்கும்" கதவுகளில் பின்கதவு சோதனை நாளில் மட்டும்தான் திறக்கும். மற்ற நாளெல்லாம் பூட்டு. நாங்கள் துணியைத் திருடிக்கொண்டு ஓடிவிடுவோமாம். போன மாதம் இஸ்திரி மேசை ஒயர் புகைந்தது. முன்கதவுப் பக்கம் புகை, பின்கதவில் பூட்டு, சாவி மேலாளர் இடுப்பில், மேலாளர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். ஒயர் தானாக அணைந்தது. அறுபத்துநாலு பேர் கதவில் மோதியதில் குண்டூசி நசுங்கி மயங்கிவிட்டாள், நல்லவேளை பிழைத்தாள். எனக்கு இன்னும் அந்த வாசனை மூக்கைவிட்டுப் போகவில்லை, பயமாக இருக்கிறது.

இன்னொன்று. கருவிக்குள்ளிருந்து உன் குரல் வந்ததும் எனக்குப் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. "சாப்பிட்டியாடா" என்று கேட்டவள் நான்தான். அதை நீ அடித்துவிட்டாய்.

அக்கா

மார்ச் 16

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலகக் கழிப்பறையில் போய் அழுதேன். அது எப்போதும் திறந்தே இருக்கிறது.

போன அறிக்கை கையெழுத்தாகிப் போய்விட்டது. ஜூனில் மறுசோதனை வருகிறது. படிவத்தின் கடைசியில் இரண்டே கட்டங்கள். "வாங்கலாம்", "வேண்டாம்". நான் உண்மையெல்லாம் எழுதி "வேண்டாம்" போடச் சொல்கிறேன். ஒழியட்டும் அந்தத் தொழிற்சாலை.

தம்பி

ஏப்ரல் 2

அவசரக்குடுக்கைத் தம்பிக்கு,

ஒழியட்டுமா? ஒழிந்தால் நாங்கள் எங்கே போவது, உன் கழிப்பறைக்கா? எங்களைவிடக் குறைந்த கூலிக்குத் தைக்க அடுத்த நாட்டில் ஆள் இருக்கிறது. ஆர்டர் ஒரே வாரத்தில் கப்பல் மாறிவிடும். குண்டூசியின் இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் போவது இந்த மிஷினால். நான் என் கூரைக்கு ஓடு மாற்றியதும் இந்த மிஷினால். படிவத்தில் இரண்டு கட்டம் போட்டவனுக்கு வயிறும் கிடையாது, மூச்சும் கிடையாது போலிருக்கிறது. எனக்கு இரண்டும் இருக்கிறது.

சாப்பாட்டு வேளையில் அறுபத்துநாலு பேரும் கூடிப் பேசிவிட்டோம். மனப்பாடம் பண்ணத்தான் நன்றாகப் பழகிவிட்டோமே! இந்த முறை ஒரே ஒரு பதில். எந்தக் கேள்வி வந்தாலும் அதுதான். உன் வேலை ஒன்றே ஒன்று. எதையும் திருத்தாதே. காற்புள்ளியைக்கூடத் தொடாதே.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

வந்தது. "உங்கள் வயது என்ன?" "நீங்க போனதும் பின்கதவப் பூட்டிடுவாங்க. எங்களுக்கு வேலை வேணும், பூட்டு வேணாம்." "குடிநீர் கிடைக்கிறதா?" "நீங்க போனதும் பின்கதவப் பூட்டிடுவாங்க. எங்களுக்கு வேலை வேணும், பூட்டு வேணாம்." அறுபத்துநாலு பேர், ஆளுக்குப் பன்னிரண்டு கேள்வி. விரல் வீங்கிவிட்டது. ஒன்றைக்கூட நகலெடுத்து ஒட்டவில்லை. ஒவ்வொன்றையும் புதிதாகவே எழுதினேன்.

அதிகாரி வந்து, "கருவி மறுபடியும் கெட்டுப்போச்சு, போன தடவை மாதிரி சரிபண்ணிடு" என்றார். "இந்தத் தடவை கருவி நல்லா இருக்கு சார், போன தடவைதான் நான் கெட்டுப்போயிருந்தேன்" என்றேன். இவ்வளவு துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

கம்பெனிக்காரர்கள் முதல் ஐந்து பக்கம் சிரித்தார்களாம். இருபதாவது பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லையாம். கூடவே ஒரு படமும் வந்திருந்தது. சோதனைக்காரர் மறந்து வைத்த குடையை எடுக்க ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார். அதற்குள் பின்கதவில் பூட்டு தொங்குகிறது. பளிச்சென்று படம் எடுத்துவிட்டார். கம்பெனி ஆர்டரை நிறுத்தவில்லை, பூட்டை எடுக்க ஏழு நாள் கெடு. படிவத்தின் இரண்டு கட்டத்துக்கும் நடுவில் இதைக் கையால் எழுதியிருக்கிறார்கள்.

அக்கா, அந்தக் குடையை அவர் தானாக மறந்தாரா?

தம்பி

ஜூலை 10

அன்புத் தம்பிக்கு,

அவ்வளவு பெரிய மனிதர் குடையை மறப்பாரா? குண்டூசி அதைத் துணிக்கட்டுக்குள் செருகியிருந்தாள். திரும்பி வந்தவருக்கு அவளே தேடி எடுத்தும் கொடுத்தாள். அவர் நன்றி வேறு சொன்னார்.

பின்கதவு திறந்துவிட்டது. நாங்கள் யாரும் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. காற்று வருகிறது, ஒரு பூனையும் வருகிறது. மேலாளருக்குப் பூனை வந்ததில்தான் வருத்தம். சோபா இனிமேல் நிரந்தரமாக இங்கேயே இருக்க வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டதால் அவர் வீட்டில் இப்போது எல்லாரும் தரையில் உட்காருகிறார்களாம். முதல் நாள் நான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

உன் அதிகாரி உன்னை என்ன செய்தார்? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. மறைத்தால் தெரியாதா எனக்கு?

அக்கா

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குத் தெரியாமல் எதை மறைக்க முடியும்? "மொழிபெயர்ப்புக்கு நீ சரிப்பட மாட்டே" என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். இப்போது கப்பலில் வரும் பெட்டிகளை இறக்கும் கிடங்கில் வேலை. நேற்று உங்கள் சட்டைகள் வந்தன. நம் வீட்டு ஆளைப் பார்த்தது போல ஒரு காலரைத் தடவிப் பார்த்தேன். மேற்பார்வையாளர் முறைத்தார்.

சிரிக்காதே அக்கா. இங்கே பின்கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் சட்டைகளைத் திருடிவிடுவோமாம். இவ்வளவு பணக்கார ஊரில் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

தம்பி

ஆகஸ்ட் 19

அன்புத் தம்பிக்கு,

கடிதத்தைச் சாப்பாட்டு வேளையில் சத்தமாகப் படித்தேன். முதலில் எல்லாரும் சிரித்தோம். பிறகு குண்டூசி, "நம்ம பூட்டைத்தான் அங்க கொண்டுபோய் மாட்டிட்டாங்க" என்றாள். அப்புறம் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு எல்லாரும் யோசித்தோம்.

நீங்கள் மொத்தம் எத்தனை பேர்? எத்தனை மொழிக்காரர்கள்? பரவாயில்லை, ஒரு பதிலை எந்த மொழியிலும் மனப்பாடம் பண்ணலாம். எல்லாரையும் ஒன்றாக உட்காரவை. அங்கே சோதனைக்கு வருகிறவர் குடை கொண்டுவருவாரா, தொப்பி போட்டு வருவாரா என்று முதலில் பார்த்துவை. மற்றதைக் குண்டூசி தனியாக எழுதுகிறாள்.

சாப்பிட்டியாடா?

இந்தத் தடவை அடிக்காமல் பதில் எழுது.

அக்கா