அசையாமல் நிற்கட்டுமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

சென்னையிலிருந்து செலினாவின் தோத்திரம். நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

அப்பாவின் முதல் நினைவு நாளுக்கு, நான் மில்லில் வைத்து எடுத்த கடைசிப் படத்தைக் கேட்டிருந்தாய். அதில் அப்பா நெய்த பேண்டேஜ் துணியும் தறிச் சட்டமும் தெளிவாக இருக்கின்றன. அப்பாவின் முகம் மட்டும் கலங்கியிருக்கிறது. அசைவது கலங்கித் தெரியும்படி கேமரா ஷட்டரை மெதுவாக வைத்து எடுத்த புகைப்பட வகுப்புப் பயிற்சி அது. நல்ல மதிப்பெண்கூட வந்தது. எவ்வளவு எடிட் செய்தும் முகம் வரவில்லை.

கவலைப்படாதே. அவருடைய மில் அடையாள அட்டையை அனுப்பு, அந்த முகத்தைப் பொருத்திப் பார்க்கிறேன். கூடவே அவர் சட்டை ஒன்றும் வை, துவைக்க வேண்டாம்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. படம் எடுத்த அன்றைக்கு அப்பா கேட்டார்: "செத்த நேரம் அசையாம நிக்கட்டுமா தாயி?"

"நிக்காதீங்கப்பா, வேலையப் பாருங்க" என்றேன்.

உன் மகள்,
செலினா