நடு முழம்

மார்ச் 3
கிர்ஸ்டியின் கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. வேலைக்குப் போனேன். வந்தேன்.

மார்ச் 9
ஆற்றுத் தொங்கு பாலம் பத்திரமா என்று நான்தான் சோதிக்க வேண்டுமாம், ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். வேறு ஆளைப் போடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

டல்லாரில் என் வீடு. ஆற்றுக்கு அக்கரையில் பின்னோக் என்ற ஊர்; அங்கே கிர்ஸ்டியின் கல்லறை. அவள் பிறந்த ஊர். சவப்பெட்டியை எங்கள் ஊர்க்காரர்கள் பாலத்தின் நடுவரை சுமந்தார்கள். அங்கே அவள் ஊர்க்காரர்கள் தோள் மாற்றினார்கள். அதுதான் வழக்கம். தோள் மாறும்போது காலடியில் இரும்பு முனகியது. எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன மனுஷன் நான்?

மார்ச் 15, ஞாயிறு
பூவோடு நடந்தே அக்கரைக் கல்லறைக்குப் போனேன். அவளைக் கொன்ற விபத்துக்குப் பிறகு கார் தொடுவதில்லை. மாமனார் ஆர்ச்சி பாலத்து முனையில் நின்றிருந்தார்.

"எங்க பாதி எப்படி மின்னுது பாத்தியா மாப்ளே? உங்க பச்சைய பாரு, பாசி புடிச்ச மாதிரி!"

சிரிக்க வைக்கப் பார்க்கிறார், பாவம்.

அவர்கள் பாதிக்குச் சிவப்பு, எங்கள் பாதிக்குப் பச்சை. நடுவில் ஒரு முழத்தை மட்டும் 'அது உங்களோடது' என்று இரண்டு ஊரும் தலைமுறை தலைமுறையாகப் பெயிண்ட் அடிக்காமல் விட்டுவைத்தன. போன கோடையில் கிர்ஸ்டிதான் பொறுக்காமல் இரண்டு டப்பாவையும் கலந்து பூசினாள். சேற்று நிறம். "இனிமே சண்டையே இல்ல. ரெண்டு ஊருக்கும் புடிக்கல!"

மார்ச் 18
நடு முழத்தில் ஒரு ஓரத்தைச் சுரண்டினேன். அவள் பெயிண்டில் பிரஷ் முடி ஒன்று ஒட்டியிருந்தது. அடியில் இரும்பு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

ஏன்டி இதப் பூசின? — இல்ல. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே துரு தின்னுடுச்சு. உன்மேல தப்பில்ல. என் கையாலயா இதச் சுரண்டணும்?

மார்ச் 20
பாரம்பரியக் குழுத் தலைவி எல்ஸ்பெத் வந்தார்.

"ஜூன்ல பாலத்துக்கு இருநூறாவது வருஷம்யா. ரெண்டு ஊரும் நடுவுல கூடணும். அதுவரைக்கும் மூடாம விட்டு வை ராசா. கிர்ஸ்டி இருந்திருந்தா..."

"அவ இருந்திருந்தா அவதான் மொதல்ல நடுவுல போய் நிப்பா."



மார்ச் 23
பாலத்தின் எங்கள் முனையைப் பூட்டினேன். அந்த முனையில் ஆர்ச்சி பூட்டினார். ஆற்றைத் தாண்டிக் கத்தினார்: "பூவ நான் வச்சிடறேன்டா!"

ஏப்ரல் 5
சுற்றுவழியில் போக ஞாயிற்றுக்கிழமை பேருந்து கிடையாது. கரையில் நின்றேன்.

மே 11
பழுது பார்க்க மாட்டார்களாம். இலையுதிர் காலத்தில் அறுத்து எடுத்துவிடுவார்கள்.

மே 16
நடு முழத்தைக் காட்சிக்கு வைக்க வேண்டுமாம். எங்கே? ஊர்க் கூட்டத்தில் அடிதடி ஆகாத குறை.

"அது எங்க பொண்ணு பூசினது, எங்களோடது!" — பின்னோக்.

"எங்க வீட்டு மருமக, எங்களோடது!" — டல்லார்.

என்னைப் பார்த்தார்கள். வெளியே வந்துவிட்டேன்.

மே 17, ஞாயிறு
அக்கரையில் ஆர்ச்சி. பூவை உயர்த்திக் காட்டினார். நான் கையைத் தூக்கினேன். அவர் கல்லறை மேட்டில் ஏறிப் போனார்.