கறுப்பு அடிக்காத விளக்கு

12 நவம்பர் 1996, செவ்வாய்

போன மாசம் ஜீப்புக்கு முன்னாடி ரெண்டு ஹாலோஜன் விளக்கு போட்டுக் கொடுத்தேனே, அந்த ஜவுளிக்கடை சார் இன்னிக்கு மறுபடி பட்டறைக்கு வந்தார். இடது விளக்கு உடைஞ்சிருந்தது.

"சாந்தோம்ல எதிர்ல ஒரு சைக்கிள்காரன்பா. வெளிச்சத்துல கண்ணு கூசி நேரா என் வண்டி மேலயே வந்து விழுந்துட்டான்."

"அப்புறம் சார்?"

"மூணாம் நாள் ஆஸ்பத்திரியில செத்துட்டான். நீ புதுசு ஒண்ணு மாட்டு."

எனக்கு வாயில நல்லா வந்தது. அன்னிக்கே சொன்னேன், விளக்குல மேல் பாதிக்குக் கறுப்பு பெயிண்ட் அடிச்சிடலாம், இல்லைன்னா எதிர்ல வர்றவன் கண்ணைப் பறிச்சிடும்னு. "மலை ரோட்டுலதான் எரிப்பேன், ஊருக்குள்ள தொடக்கூட மாட்டேன். கறுப்பு அடிச்சா வண்டி அழகே போயிடும்"னார். சரி சார்னு தலையாட்டினது யாரு? நான்தான்.

இன்னிக்கு அவரைக் கேட்கவே இல்லை. புது விளக்கை மாட்டி, ரெண்டுக்கும் பாதி கறுப்பு அடிச்சேன். அவர் பார்த்துட்டு நின்னார்.

ரெண்டு நிமிஷ வேலை. பெயிண்ட் டப்பா அன்னிக்கும் என் கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்தது.