மூவரைக் கடித்ததாக நான் எழுதிய நாய்

அனுப்புநர்:
ஞா. கிருபாநிதி,
ஓய்வுபெற்ற உப்பு எடைக் கணக்கர்,
உப்பளம் மேற்குத் தெரு,
தூத்துக்குடி.

பெறுநர்:
உயர்திரு சுகாதார அதிகாரி அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
தூத்துக்குடி.

பொருள்: எனது 5-11-1973 தேதியிட்ட புகார் மனு பொய்யென ஒப்புக்கொண்டு, அதன்பேரில் பிடிக்கப்பட்ட நாயை விடுவிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கையெழுத்து தங்கள் அலுவலகத்துக்குப் புதிதல்ல. சாக்கடை, தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர் என்று நான் எழுதிய மனுக்கள் ஒரு கட்டு தேறும். அவை அத்தனையும் உண்மை. பொய் எழுதியது ஒன்றே ஒன்று. அதன்மீது தாங்கள் தவறாமல் நடவடிக்கை எடுத்துவிட்டீர்கள்.

2. என் வீட்டுக்குப் பின்னால் உள்ள உப்பளத்தில் ஒரு நாய் ஒரு வாரமாக ஓயாமல் குரைத்து என் தூக்கத்தைக் கெடுத்தது. குரைக்கிறது என்று மட்டும் எழுதினால் யார் வருவார்கள் என்று எண்ணி, அது வெறிநாய் என்றும் மூவரைக் கடித்தது என்றும் சேர்த்து எழுதினேன். அது யாரையும் கடிக்கவில்லை. ஆள் நடமாடும் இடம்வரை அதன் கயிறே எட்டாது.

3. மழைக்கு முன், குவித்த உப்பு அம்பாரத்தைப் பனையோலையால் மூடி, காவலுக்குப் பக்கத்தில் நாயைக் கட்டிவிட்டு ஆட்கள் ஊருக்குப் போவதும், முறைவைத்து வந்து அதற்குச் சோறு வைப்பதும் இங்கே வழக்கம். இந்த ஆண்டு அம்பாரம் முன்னதாகவே விலையாகி லாரியில் போய்விட்டது. உப்பு ஏற்ற வந்தவர்கள், நாயை அளத்து ஆட்கள் அவிழ்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள். அளத்து ஆட்களோ, ஏற்ற வந்தவர்கள் அவிழ்த்திருப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள். மேற்படி நாய் வெறும் தரையைக் காவல் காத்துக்கொண்டிருந்தது.

4. மனுவைத் தபாலில் சேர்த்த மறுநாள், அளத்தில் சிதறிக்கிடந்த ஓலை பொறுக்கப் போன சுடலைமாடத்தி என்பவர் என் வாசலில் வந்து நின்று, "அது குரைக்கல அண்ணாச்சி, ஆளக் கூப்பிடுதுல்லா. ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார். போனேன். பனைநார்க் கயிறு மழையில் நனைந்து இறுகி, கழுத்துத் தோலுக்குள் புதைந்திருந்தது. உப்புநீர் வேறு புண்ணில் ஏறியிருந்தது. நனைந்த கயிறு இறுகும் என்பது முப்பது ஆண்டு உப்பு மூட்டைகளோடு கிடந்த எனக்குத் தெரியாததல்ல. அவர் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் சவரக்கத்தியால் கயிற்றை அறுத்தேன். அப்போதும் அது கடிக்கவில்லை. என் கையை நக்கியது. ஐயா, எனக்கு வெட்கமாக இருந்தது.

5. அன்றே மனுவைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். பொய் எழுதினேன் என்று எழுதக் கை வரவில்லை. நாயை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஐந்து வாரம் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிக் கஞ்சி ஊட்டினேன். புண் ஆறியது. குரல் மட்டும் திரும்பவில்லை. குரைக்காதே என்று மனுப் போட்டவன், ஒரு தடவையாவது குரைக்காதா என்று அதன் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

6. புண் ஆறும்வரை மட்டுமே பொறுப்பதாக வீட்டு உரிமையாளர் சொல்லிவிட்டார். தருவைகுளத்திலிருந்து கருவாடு விற்க வரும் அமலோற்பவம் என்பவர் தம் வீட்டில் வளர்க்கச் சம்மதித்து, மாணிக்கம் என்று பெயரும் வைத்தார். வரும் சனிக்கிழமை அழைத்துப் போவதாக ஏற்பாடு.

7. திங்கட்கிழமை தங்கள் ஆட்கள் வந்தார்கள். நான் குறுக்கே நின்றேன். அவர்கள் என் மனுவை எடுத்து, என் கையெழுத்தையே எனக்குக் காட்டினார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. வண்டி நகர்ந்தபோது அது கம்பிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் குரைத்தது. கயிறு அறுத்த பிறகு அதுதான் முதல் குரைப்பு. சுடலைமாடத்தி சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

8. தங்கள் அலுவலகத்தின் பின்புறக் கொட்டடியில் அடைத்திருக்கும் அதை வெள்ளிக்கிழமை கொன்றுவிடுவார்கள் என்று அறிகிறேன். கால்நடை மருத்துவர் பரிசோதிக்கட்டும். பொய்ப் புகாருக்கு என்ன தண்டனையோ அதை எனக்குக் கொடுங்கள், மறுக்காமல் ஏற்கிறேன். இம்மனுவை நான் தபாலில் சேர்க்கவில்லை. தங்கள் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில்தான் இருக்கிறேன். மேற்படி மாணிக்கத்தை என் கையில் ஒப்படைக்க உத்தரவிடுமாறு மன்றாடுகிறேன். அது கூப்பிடுவது இங்கே கேட்கிறது.

தங்கள் உத்தரவுக்காக வெளியே காத்திருக்கும்,
ஞா. கிருபாநிதி

இடம்: தூத்துக்குடி
நாள்: 12-12-1973

இணைப்பு: நாயின் கழுத்திலிருந்து அறுத்தெடுத்த கயிறு, ஒன்று.