உப்புத் தண்ணீரும் நீலச் சேலையும்

தூத்துக்குடி
20 ஆகஸ்ட் 1948

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று அப்பா எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

ஜவுளிக் காலேஜில் இரண்டாம் வருஷம் நெசவு எடுப்பதா, துணி வியாபாரம் எடுப்பதா என்று என்னைக் கேட்டிருக்கிறாய். அந்தக் காலேஜுக்கு விண்ணப்பம் எழுதியதும் நான்தானே. பெயர் மட்டும் உன்னுடையது.

மாதா கோயில் திருவிழாவுக்கென்று நம் கடைக்கு நீ பம்பாயிலிருந்து தேர்ந்து அனுப்பிய நீலச் சேலைகள் வந்தன. வழக்கம்போல ஒரு நூலை உருவி, நம் கிணற்று உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். தண்ணீர் நீலமாகிவிட்டது. விற்க வேண்டாம் என்றேன். "ஏளா, பம்பாயில படிக்கவன் எடுத்த சரக்கு. அடுப்படியில கெடக்கவளுக்கு என்ன தெரியும்?" என்றார் அப்பா.

நேற்று கடற்கரைத் தெரு மெட்டில்டா தன் சேலையைக் கொண்டுவந்து கடையில் விரித்தாள். ஒரே துவைப்பில் வெளுத்திருந்தது. கூட ஊறிய வெள்ளைச் சட்டையெல்லாம் நீலம். "தண்ணி சரியில்ல" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டார் அப்பா.

நீ நெசவையே எடு. கடைக்குச் சரக்குத் தேர்ந்தெடுக்க அக்காள் போதும் என்று அப்பாவுக்கு நீயே எழுது. நான் சொன்னால் அது வாயாடித்தனம். நீ எழுதினால் படிப்பு.

உன் அக்காள்