வாளித் தண்ணீர்

1981 மே 12, செவ்வாய்.

பிரசவத்துக்கென்று சங்கரன்கோவிலில் உள்ள அம்மா வீட்டுக்கு வந்த எனக்கு, நிறைமாதத்தில் இப்படி ஒரு மாலை.

வீங்கிய கால்களை வெந்நீர் வாளிக்குள் வைத்து உட்கார்ந்திருந்தேன். திருவேங்கடத்திலிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"கெளம்பு. நம்ம வீட்டுலதான் பேறு பாக்கணும்னு எங்கம்மா சொல்லுதா."

"நிக்க முடியாதவள பஸ்ஸுல ஏத்துவீராக்கும்?" என்று அண்ணன் எழுந்தான்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அண்ணன் அவர் மூக்கில் குத்தினான். சட்டையெல்லாம் ரத்தம். அவர் அண்ணன் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினார். அண்ணன் கொல்லைக்கு ஓடி அரிவாளோடு வந்தான். அம்மா அலறினாள்.

புரண்டு படுக்கவே சிரமப்படுகிற நான் எப்படி எழுந்தேனோ தெரியவில்லை. வாளித் தண்ணீரை இருவர் முகத்திலும் வீசினேன்.

"வெட்டிக்கிட்டுச் சாவுங்க! எம்புள்ளைய நான் தெருவுல பெத்துக்கிடுதேன்."

அண்ணன் அரிவாளைக் கீழே போட்டான். அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அண்ணன் நெற்றியில் மஞ்சளை அப்பிவிட்டு அம்மா என்னைத்தான் ஏசினாள்.

"புருஷன் மூஞ்சில வெந்நிய ஊத்துவாளாட்டி ஒருத்தி?"

அப்புறம் வயிறு கல்லாக இறுகியது. வலிதானோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். தளர்ந்துவிட்டது. இப்போது பிள்ளை விலாவில் உதைக்கிறது.

அழுகை வரவில்லை. தண்ணீர் அவர்கள் மேல் விழுந்தபோது, இன்னும் நன்றாகக் கொதித்திருக்கக் கூடாதா என்றுதான் நினைத்தேன். இதை எழுதும்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.